ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு

துறைமுக வாசலில் இருந்த கதிர்வீச்சுக் காவல் கருவி அந்த லாரி நுழைந்ததும் அலறியது. லாரியில் இருந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உருக்காலையின் தூசி. பழைய இரும்பை உலையில் போட்டு உருக்கும்போது கிளம்பும் புகையைப் பெரிய துணிப்பைகள் வழியாக இழுத்து வடிகட்டுவார்கள். பைகளில் தங்கும் கறுப்புத் தூசியில் துத்தநாகம் இருப்பதால் அதை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவது வழக்கம். லாரியைப் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டிவரச் சொன்னார்கள். மூன்று முறை ஓட்டியும் மணி அடித்தது.

அது ஜனவரி கடைசி வாரம். இரண்டு நாளில் ஆலையின் உலை நிறுத்தப்பட்டது. தூசியில் இருந்தது சீசியம் 137. தொழிற்சாலைகளில் பெரிய தொட்டிக்குள் சரக்கு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவிகள் உண்டு. அவற்றுக்குள் சீசியம் அடைத்த சின்னக் குப்பி ஒன்று ஈயக் கவசத்துக்குள் இருக்கும். கவசத்துக்குள் இருக்கும்வரை பயமில்லை. யாராவது அதைப் பழைய இரும்போடு சேர்த்து உலையில் போட்டுவிட்டால் சீசியம் இரும்பில் தங்காது, ஆவியாகிப் புகையோடு போய்த் தூசியில் உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு குப்பி உருகிவிட்டது என்பதில் அதிகாரிகளுக்குச் சந்தேகம் இல்லை. யாருடைய குப்பி என்பதுதான் கேள்வி.

ஆலை மேலாளர் விசாரணையின் முதல் நாளிலேயே ஒரு பெயரைச் சொல்லிவிட்டார். ஜனவரி பதினொன்றாம் தேதி எபினேசர் என்பவரின் பழைய இரும்பு யார்டிலிருந்து ஒரு லோடு வந்தது, அதில்தான் வந்திருக்க வேண்டும் என்றார். ஆலையின் வாசலிலும் ஒரு காவல் கருவி இருந்தது. அன்றைக்கு ஏன் அது அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, அன்று அது பழுதாகியிருந்தது என்றார்.

போலீஸ் தோண்டியபோது இன்னும் கொஞ்சம் கிடைத்தது. பதினான்கு மாதத்துக்கு முன் கடம்பத்தூர் பக்கம் மூடிக்கிடந்த ரசாயன ஆலை ஒன்றை இடித்தபோது அதன் இரும்பை எடுத்தவரும் இதே எபினேசர்தான். அந்த ஆலை 1984இல் ஒரு சீசியம் கருவி வாங்கியதாகப் பழைய பதிவேட்டில் இருந்தது. இடித்த பிறகு அது எங்கே போனது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எபினேசரின் யார்டில் மீட்டரோடு நடந்து பார்த்தார்கள், எதுவும் அகப்படவில்லை. அதையே அவர் உருக்கக் கொடுத்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு ஏழு வருடத்துக்கு முன் திருட்டுக் கேபிள் வாங்கிய வழக்கில் அவர் பதினோரு நாள் புழல் சிறையில் இருந்தவர். இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு, தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினார்கள்.

தூசி மாதிரிகள் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு வந்தன. அங்கே கதிர்வீச்சு அளக்கும் பிரிவு ஏஞ்சல் என்பவளின் பொறுப்பில் இருந்தது. முப்பத்தாறு வயது. மீஞ்சூரில் வீடு. தினமும் புறநகர் யூனிட் ரயிலில் போய் வருபவள். பிறந்து வளர்ந்தது சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனியில். அப்பாவும் அம்மாவும் முதலில் வயல் வேலைக்குப் போனவர்கள். வயல்கள் தொழிற்சாலைகளான பிறகு, அந்தத் தொழிற்சாலைகளிலேயே வேலைக்குப் போனார்கள்.

மாதிரிகளோடு வந்த கடிதத்தைப் படித்ததும் ஏஞ்சல் அதை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் துளசிராமனின் அறைக்குப் போனாள். சந்தேகத்துக்குரியவர் என்று எழுதியிருக்கும் எபினேசர் தன் அக்கா ஜெபாவின் கணவர் என்று சொன்னாள். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அவரோடு பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்டார். ஏழு வருடமாகச் சரியாக இல்லை என்றாள் அவள். கேபிள் வழக்கில் அவர் உள்ளே போன மாதம்தான் அவளுடைய அப்பா இறந்தார். அந்த அவமானம்தான் அப்பாவைக் கொன்றது என்று அவள் நம்பினாள். அக்காவோடு போனில் பேசுவாள், கிறிஸ்துமஸ் ஆராதனையில் பார்த்துக்கொள்வாள், அந்த வீட்டுப் படி மட்டும் ஏறியதில்லை.

"அவரு செஞ்சிருப்பாருன்னு நீங்க நெனைக்கிறீங்களா?" என்று கேட்டார் துளசிராமன்.

"செஞ்சிருப்பாருன்னுதான் சார் நெனைக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த வேலையை அவளைவிட நன்றாகச் செய்பவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. கடைசியில் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மும்பையில் உள்ள வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது. இரண்டு முடிவும் ஒன்றாக இருந்தால்தான் அறிக்கை போகும். உறவு விஷயம் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஏஞ்சல் சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபா போன் செய்தாள். காலனியில் யாரும் அவர்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்றாள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். சிலர், தெற்கே இருக்கிற அணுமின் நிலையத்திலிருந்து காற்றில் வருகிறது என்கிறார்கள். சிலர், நிலக்கரி பவர் பிளான்ட் சாம்பல் என்கிறார்கள். மிச்சப் பேர் உன் மாமா பெயரைத்தான் சொல்கிறார்கள் என்றாள்.

"நீதான அத்த டெஸ்ட் பண்றே? இன்னா வந்துச்சு?"

"அக்கா, அதைப் பத்தி நான் பேசக் கூடாது. வேற எது வேணா பேசு."

"நீ அவரப் பத்தி இன்னா நெனைக்கிறேன்னு எனுக்குத் தெரியும்," என்று சொல்லி ஜெபா போனை வைத்துவிட்டாள்.

ஏஞ்சலுக்கு அது உறைத்தது. ஆனால் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவள் மனம் தெளிவாகவே இருந்தது. தூசி என்ன சொல்கிறதோ அதை எழுதப்போகிறாள். அதில் அவளுக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை.

அவள் தேடியது சீசியத்தின் வயதை. அணு உலையில் சீசியம் உண்டாகும்போது 137 மட்டும் தனியாக உண்டாகாது. கூடவே 134 என்ற வகையும் வரும். குப்பியில் அடைக்கும்போதும் அது சிறிதளவு கலந்தே இருக்கும். 137 பாதியாகக் குறைய முப்பது வருடம் ஆகும். 134க்கு இரண்டு வருடம் போதும். அதனால் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அந்தச் சீசியம் அணு உலையிலிருந்து வெளியே வந்து எவ்வளவு காலம் ஆனது என்று சொல்லிவிடலாம். நேற்று முந்தாநாள் ஓர் அணுமின் நிலையத்திலிருந்து கசிந்ததாக இருந்தால் 134 ஏராளமாக இருக்கும். பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆனதாக இருந்தால் தேடிப் பிடிக்க வேண்டும். 1984ஆம் வருடத்துக் குப்பியாக இருந்தால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நாற்பது வருடத்தில் அது இருபது முறை பாதியாகி இல்லாமலே போயிருக்கும்.

ஒரு டப்பா தூசியை ஈயச் சுவருக்குள் இருக்கும் அளவைக் கருவியின் மேல் வைத்து, மூன்று நாள் எண்ணவிட்டாள். கதிர்கள் ஒவ்வொன்றாக வந்து விழ, திரையில் ஒரு கோடு மெல்ல வளர்ந்தது. சீசியம் 137 இருக்க வேண்டிய இடத்தில் முதல் நிமிடத்திலேயே செங்குத்தாக ஒரு மலை எழுந்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் பார்த்தது அதற்கு வலப்பக்கம் தள்ளி, 796 என்ற எண்ணுக்கு நேரே இருந்த வெறும் தரையை. 134 இருந்தால் அங்கேதான் தலை காட்டும்.

முதல் நாள் மாலை அங்கே ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாம் நாள் தரை லேசாக மேடு தட்டியது. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தபோது, 796இல் ஒரு சின்னக் குன்று நின்றுகொண்டிருந்தது.

ஏஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அது அங்கே இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளாகக் காலி இடத்தைக் காட்டும் ஒரு வரைபடத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தாள், அறிக்கையின் கடைசி வரிகூட அவளுக்குள் தயாராக இருந்தது.

அவள் அவசரப்படவில்லை. இவ்வளவு பலமான மாதிரியில் இரண்டு கதிர் ஒரே கணத்தில் விழுந்து கருவியை ஏமாற்றுவதுண்டு. டப்பாவைக் கருவியிலிருந்து தூரமாக வைத்து மறுபடி எண்ணினாள். ஏமாற்றாக இருந்தால் குன்று அடியோடு காணாமல் போக வேண்டும். போகவில்லை. பெரிய மலை எந்த விகிதத்தில் குறைந்ததோ அதே விகிதத்தில் குன்றும் குறைந்தது. 134க்கு 605இல் இன்னொரு அடையாளம் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே 609இல், மண்ணிலும் சாம்பலிலும் இயற்கையாக இருக்கும் ரேடியத்தின் அடையாளமும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். இரண்டும் தனித்தனியாகவே நின்றன. அடுத்த டப்பா, அதற்கடுத்த டப்பா என்று மூன்று மாதிரிகளிலும் அதே விகிதம்: 137 ஒன்பதாயிரம் பங்கு இருந்தால் 134 ஒரு பங்கு.

மும்பைப் பாதியின் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. அவர்களும் ஒன்பதாயிரத்தை ஒட்டியே எழுதியிருந்தார்கள்.

துளசிராமன் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1984 ஆக இருக்க வழியே இல்லையா என்று கேட்டார்.

"வழியே இல்ல சார். அந்தக் குப்பியில எவ்வளவு 134 கலந்திருந்தாலும் இன்னைக்கு மிச்சம் இருக்காது. இது பத்துலேருந்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள செஞ்சது. அணுமின் நிலையமும் இல்ல, அதுக்கு 134 ரொம்பக் கம்மி. சாம்பல்ல சீசியம் வர்றதுக்கே காரணம் இல்ல."

"அப்போ உங்க மாமா தப்பிச்சார்."

"சார், இன்னொண்ணு இருக்கு," என்றாள் ஏஞ்சல். "உருகினது கடம்பத்தூர் கருவி இல்லன்னா, அது முழுசா எங்கேயோ இருக்கு. அதை யாரும் தேடல. உருகிடுச்சுன்னு விட்டுட்டாங்க."

துளசிராமன் தாள்களைக் கீழே வைத்தார். அந்த நிமிடம் வரை அவருக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் இருவரும் கும்மிடிப்பூண்டிக்குப் போய் இன்ஸ்பெக்டர் வசந்தகுமாரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், எபினேசர் மேடத்தின் அக்கா வீட்டுக்காரர்தானே என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டாவது பக்கத்தில் இருப்பது எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆய்வகத்தின் முடிவு என்று சொல்லி, ஏஞ்சல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அவர் இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அறிவியல் தனக்குப் புரியாவிட்டாலும், இரண்டு பேர் ஒரே பதில் எழுதினால் புரிகிறது என்றார்.

காணாமல் போன பழைய கருவியைப் பற்றிச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. உடனே எபினேசரைக் கூட்டிவந்து விசாரிக்கலாம் என்றார். ஸ்டேஷனில் வைத்துக் கேட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார் என்றாள் ஏஞ்சல். ஒரு நாள் கொடுங்கள், நான் போய்க் கேட்கிறேன் என்றாள். வசந்தகுமார் துளசிராமனைப் பார்த்தார். துளசிராமன் தலையசைத்தார்.

அன்று மதியமே அவள் காலனிக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஜெபா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஏஞ்சல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். எபினேசர் பிளாஸ்டிக் நாற்காலியில் டிவிக்கு எதிரே இருந்தார். டிவி ஓடவில்லை. ஏழு வருடத்தில் அவருக்கு முன்தலை முழுக்க வழுக்கையாகியிருந்தது.

வளைத்துப் பேச அவளுக்கு வராது. இந்தத் தெருவுக்குள் வந்தால் இந்தத் தெருவின் பேச்சுதான் வந்தது.

"மாமா, ஒலையில உருகினது கடம்பத்தூர் கருவி இல்ல. அத்த நான் அளந்து பார்த்துட்டேன். ரெண்டு எடத்துல பார்த்தாச்சு."

எபினேசர் நிமிர்ந்தார். ஜெபா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தாள்.

"அப்படின்னா அது எங்கேயோ முழுசா கீது," என்றாள் ஏஞ்சல். "எங்க கீதுன்னு உனுக்குத்தான் தெரியும்."

"நான் அத்த கண்ணாலயே பாக்கல. போலீஸாண்டயும் அத்தத்தான் சொன்னேன்."

அவர் அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஏஞ்சல் பதில் சொல்வதற்குள் ஜெபா குறுக்கிட்டாள்.

"மூணு எலை போட்ட மஞ்சா தகடு ஒட்டிக்கினு இருந்துச்சே, அதுவா? தராசுக்குப் பின்னால கெடந்துச்சே, உருண்டையா, தூக்கவே முடியாம. அதுவா?"

எபினேசர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, கேளு," என்றாள் ஏஞ்சல். "அது கெடைக்கிற வரைக்கும் நீதான் உருக்கினேன்னு சொல்லிக்கினே இருப்பாங்க. முழுசா கெடச்சா நீ உருக்கலன்னு ஆயிடும். நீ பயந்துகினு ஒளிச்சு வெச்சுக்கீறதுதான் உனுக்குச் சாட்சி."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தக் கோணத்தில் அவர் ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பது தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கடம்பத்தூர் சரக்கோடு அது வந்தது. உள்ளே ஈயம் இருப்பது எடையிலேயே தெரிந்ததால், ஈயத்தை விற்றால் டப்பு கிடைக்கும் என்று தனியாக எடுத்து வைத்தார். இரும்பை வெட்டும் கட்டிங் ஆள் அந்த மஞ்சள் தகட்டைப் பார்த்துவிட்டு, இதன்மேல் காஸ் கட்டரை வைக்க மாட்டேன் என்று போய்விட்டான். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. உருக்காலையை மூடிவிட்டார்கள், கதிர்வீச்சாம் என்று பேச்சுக் கிளம்பிய அன்றே அவருக்குத் தகடு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிப் பொதட்டூர்பேட்டையில் அவருடைய மாமன் கொல்லைக்குக் கொண்டுபோய், தண்ணீர் இல்லாத பாழுங்கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்கிவிட்டு வந்தார். மறுநாள்தான் அதிகாரிகள் யார்டுக்கு மீட்டரோடு வந்தார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் ஏஞ்சல்.

"எவன் நம்புவான்? கேபிள் கேஸ்காரன்னு மூஞ்சியில எழுதிக் கீது. நீ நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன்," என்றாள் ஏஞ்சல்.

எபினேசர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஜெபா, டீ போட்டிருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். மூன்று பேரும் குடித்தார்கள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பொதட்டூர்பேட்டைக் கொல்லையில் இரண்டு வேன்கள் நின்றன. கதிர்வீச்சு அவசரக் குழுவினர் நீளக் கம்பின் நுனியில் மீட்டரைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். எண் மெல்ல ஏறி, அபாய அளவுக்கு வெகு கீழே நின்றுவிட்டது. குழுவின் தலைவர் அதைப் பார்த்து மூச்சை விட்டார். கவசம் உடையவில்லை, கதிர் வெளிவரும் கதவும் பூட்டியே இருக்கிறது என்றார். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி அதை மேலே தூக்கினார்கள். மாவரைக்கும் கிரைண்டர் அளவில், துருப்பிடித்த உருண்டை. அதன் இடுப்பில், மூன்று இலை போன்ற கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியோடு மஞ்சள் தகடு. ஏஞ்சல் குனிந்து தகட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். 1984 என்ற வருடமும் பதிவேட்டில் இருந்த அதே எண்ணும் தெளிவாக வெட்டப்பட்டிருந்தன. வசந்தகுமார் தன் போனில் அதை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

எபினேசர் வேலி ஓரம் நின்று பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பதினான்கு மாதம் இது யார்டில் கிடந்ததே, ஜெபா தினமும் கல்லாவில் உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு ஏதாவது ஆகுமா? ஏஞ்சல் மீட்டரை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். கருவியிலிருந்து ஓர் அடி, மூன்றடி, பத்தடி, இருபதடி என்று அவரையே நடக்கவிட்டாள். இருபதடியில் மீட்டர், கொல்லையின் வேறெந்த மூலையிலும் காட்டும் எண்ணைத்தான் காட்டியது. ஜெபாவின் நாற்காலி அதற்கும் தள்ளித்தான் இருந்தது. அவர் இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். அவரே போன் போட்டு ஜெபாவிடம் சொன்னார்.

இனி உருகியது எது என்ற கேள்வி மட்டும் பாக்கி. மாவட்டத்தில் பத்திலிருந்து பதினைந்து வருடத்துக்குள் வாங்கிய சீசியம் கருவிகளின் பட்டியலைத் துளசிராமன் கேட்டு வாங்கினார். ஏழு இருந்தன. ஆறு அவரவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தன, அதிகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏழாவது, அந்த உருக்காலையுடையதே. உருகிய இரும்பை வார்க்கும் இயந்திரத்தில் பொருத்த 2013 ஜனவரியில் வாங்கியது. போன வருடம் அந்த இயந்திரத்தை மாற்றியபோது, கருவியை விற்ற கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக ஆலை எழுதிக் கொடுத்திருந்தது. விற்ற கம்பெனியைக் கேட்டால், எங்களுக்கு எதுவும் வரவில்லை என்றார்கள். வாங்கும்போது வந்த சான்றிதழ் அவர்களிடம் இருந்தது. அதில் 134 எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தது. ஏஞ்சல் அதை எடுத்துப் பன்னிரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டாள். எட்டாயிரத்து எண்ணூறில் ஒரு பங்கு என்று வந்தது.

தூசிப் பைகளைத் தட்டும் வேலை செய்த லோகு என்பவர் மிச்சத்தைச் சொன்னார். பழைய வார்ப்பு இயந்திரத்தை, அதிலிருந்த கருவியைக் கழற்றாமலே வெட்டி எடுத்து ஆலைக்குள்ளேயே ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பொங்கல் சமயத்தில் லாரிகள் வராமல் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தது. உலையை நிறுத்த வேண்டாம் என்று மேலாளர் சொல்ல, அந்த மூலையில் கிடந்ததை வெட்டி அள்ளிப் போட்டார்கள். உள்ளேயே இருந்த பொருள் வாசலைத் தாண்டி வரவில்லை. வாசலில் இருந்த காவல் கருவி அடிக்காததற்கு அதுதான் காரணம், அது பழுதாகவே இல்லை.

லோகுவின் உடம்புக்குள் கொஞ்சம் சீசியம் போயிருந்தது. சென்னையில் வைத்து, சீசியத்தை வெளியேற்றும் நீல நிற மாத்திரையை ஒரு மாதம் கொடுத்தார்கள். ஏஞ்சல் வாராவாரம் அவரைப் படுக்கவைத்து அளந்தாள். எண் ஒவ்வொரு வாரமும் இறங்கியது. ஏப்ரலில், இனி பயமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் மேல் வழக்குப் பதிவானது, ஆலைக்கு உரிமம் நிறுத்தப்பட்டது. கருவியை மறைத்ததற்காக எபினேசர் மீதும் ஒரு சின்ன வழக்கு உண்டு. அதற்கு அவர் ஒழுங்காக வாய்தாவுக்குப் போய் வருகிறார். ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடுவது நின்றது.

மே மாதம் பழைய இரும்பு வியாபாரிகள் சங்கத்தினர் ஒரு கூட்டம் கூட்டினார்கள். யோசனை எபினேசருடையது. சிப்காட் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஏஞ்சல் திரையில் மஞ்சள் தகட்டின் படத்தைப் போட்டு, இதைப் பார்த்தால் வெட்டாதீர்கள், ஒளிக்காதீர்கள், இந்த எண்ணுக்குப் போன் பண்ணுங்கள் என்று சொன்னாள். அடுத்து எபினேசர் மேடையேறினார். பேச்சு அவருக்கு வரவில்லை. தான் செய்ததை அப்படியே சொன்னார். கிணற்றில் இறக்கியதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பயந்துகினு மறைக்காதீங்க, மறைச்சாத்தான் பேஜாரு என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கேள்வி உண்டா என்று ஏஞ்சல் கேட்டாள். கடைசி வரிசையில் துண்டு போட்ட ஒருவர் எழுந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் திரையைக் கை காட்டினார்.

"எங்க யார்டுல இதே மாதிரி ஒண்ணு கீது மேடம். கவரப்பேட்டையாண்ட. மூணு மாசமா கெடக்குது."

ஏஞ்சல் மைக்கைக் கீழே வைத்தாள். அதன் பக்கத்தில் யாரையும் போகவிட வேண்டாம் என்று யார்டுக்குப் போன் பண்ணச் சொன்னாள். பிறகு பையிலிருந்து மீட்டரை எடுத்து, பாட்டரியைச் சரிபார்த்தாள். எபினேசர் வண்டிச் சாவியோடு ஏற்கெனவே வாசலில் நின்றார்.